குரங்குக் கூட்டமும் முதலாம் வருடமும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

வெட்டுப்புள்ளி வெளிவந்ததிலிருந்து எங்கள் வத்தளைப் பக்கத்துத் தாய்மார் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். எந்தப் பீடம் நல்லது, எங்கே தங்கவைப்பது, மாதம் எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. "டீச்சர், ரெக் பண்ணுவாங்களாமே. கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கிட்டு இரி மகன் எண்டு சொல்லவா?" மாபோலையில் ஒரு உம்மா கேட்டார். ஹேகித்தையில் இருக்கும் ஒரு தமிழ்த் தாயும் கிட்டத்தட்ட அதே சொற்களில் கேட்டார். என்னோடு படிப்பிக்கும் சிங்கள ஆசிரியை தன் மகளை நினைத்துக் கேட்டார். மூன்று வீடுகளிலும் ஒரே பயம், ஒரே தீர்வு: பொறுத்துக்கொள்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அதனால் என் பதில் குரங்கில்தான் ஆரம்பிக்கும், மன்னியுங்கள்.

பொலன்னறுவைக்குப் பாடசாலைச் சுற்றுலா போன எல்லோருக்கும் அந்த ரிலவாக்களைத் தெரியும். தலையில் நடு வகிடு எடுத்துத் தொப்பி போட்டது போல முடி இருக்கும். பிள்ளைகளின் கையிலிருக்கும் பனிஸைப் பறித்துக்கொண்டு ஓடும். உலகில் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வாழும் இனம் அது. 1968இலிருந்து வுல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அங்கே அந்தக் குரங்குகளைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு குரங்கையும் முகம் பார்த்து அடையாளம் கண்டு, யாருக்கு யார் பிள்ளை, யார் யாருக்கு வழிவிடுகிறது என்று தலைமுறை தலைமுறையாகக் குறித்துவைத்திருக்கிறார்கள். உலகத்தில் குரங்குகளைப் பற்றி மிக நீண்டகாலம் நடந்த ஆய்வுகளில் அது ஒன்று. 2015இல் வந்த 'மங்கி கிங்டம்' என்ற டிஸ்னி படமும் அங்கேதான் எடுக்கப்பட்டது.

(ரிலவா என்றதும் 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வருகிறதா? பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாட்டுக்கும் கரண்ட் போனது என்று அமைச்சரே சொன்னாரே. அந்தக் குரங்கு தனியாகச் செய்தது. நான் சொல்ல வருவது கூட்டத்தைப் பற்றி.)

ரிலவாக் கூட்டத்தில் ஒரு பெண் குட்டியின் இடம் அது பிறக்கும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. தாயின் இடம்தான் மகளுக்கு. உயர்ந்த குடும்பத்துக் குட்டி ஒன்று, தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய தாழ்ந்த குடும்பத்துப் பெண் குரங்கை முறைத்துப் பார்த்தால் பெரியது எழுந்து இடம் கொடுக்கும். குட்டியின் பலத்துக்காக இல்லை. குட்டிக்குப் பின்னால் உம்மா, பெரியம்மா, சாச்சி எல்லோரும் இருக்கிறார்கள் என்று பெரியதற்குத் தெரியும். அத்திமரம் பழுத்தால் நல்ல கிளையில் உயர்ந்தவர்கள் உட்காருவார்கள், தாழ்ந்தவர்கள் கீழே விழுந்ததைப் பொறுக்குவார்கள். தாழ்ந்த குரங்கு கன்னப்பையில் அடக்கிவைத்திருக்கும் உணவை, உயர்ந்தது அதன் வாயைத் திறந்து எடுத்துவிடும். மற்றது வாயைத் திறந்து கொடுத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். எதிர்த்தால் கடி விழும் என்று அது சின்ன வயதிலேயே படித்துவிட்டது.

வறட்சி வந்து உணவு குறைந்தால் இந்த வரிசைதான் யார் சாகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் தாழ்ந்த குடும்பத்துக் குட்டிகள். ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடுவதால் இல்லை. தினமும் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டு, தினமும் கொஞ்சம் தூரம் அதிகமாக நடந்து, ஒரு நாள் விழுந்துவிடுகின்றன.

அப்படியென்றால் அந்தக் குரங்கு ஏன் கூட்டத்தை விட்டுப் போவதில்லை? வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் உடனே கேட்கும் கேள்வி இது. போனால் நிலைமை இதைவிட மோசம். தனியாக இருக்கும் குரங்குக்கு நாய் வருவதைச் சத்தமிட்டுச் சொல்ல ஆளில்லை. பக்கத்துக் கூட்டம் தன் மரத்தில் ஏறவிடாது. பழுத்த மரத்தைக் கண்ட குரங்கு மற்றவர்களை அழைத்து ஒரு தனிக் குரல் கொடுக்கும், தனியாக இருப்பதற்கு அந்த அழைப்பும் கிடையாது. கூட்டத்தின் கடைசி வரிசையும் கூட்டத்துக்கு வெளியே இருப்பதைவிடப் பாதுகாப்பு. அதனால் கன்னத்தைத் திறந்து கொடுத்துவிட்டு அங்கேயே இருக்கிறது.

இப்போது ஒரு பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வத்தளையை விட்டு முதல் தடவையாகத் தனியாகத் தூரத்து ஊருக்குப் போயிருக்கிறான். விடுதியில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், எந்த விரிவுரையாளர் எப்படிப் புள்ளி போடுவார் என்ற தகவல் எல்லாம் சிரேஷ்ட மாணவர்களின் கையில். பழுத்த மரம் எங்கே இருக்கிறது என்ற அழைப்பு அவர்களிடமிருந்துதான் வரவேண்டும். ரெக் வாங்காதவனுக்கு அந்த அழைப்பு இல்லை. அவனுக்குப் பெயர் 'அலயா'. 'அல' என்றால் சிங்களத்தில் கிழங்கு. நாலு வருடமும் அவனோடு ஒருவரும் கதைக்கக்கூடாது, கென்டீனில் பக்கத்தில் உட்காரக்கூடாது. பயமுறுத்துவதற்கு அடி தேவையில்லை, இதுவே போதும்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை இரண்டாம் வருட விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தார். அருமையான பிள்ளை, வகுப்பில் எறும்பைக்கூட மிதிக்கமாட்டார். கதைத்துக்கொண்டிருந்தபோது தானும் இந்த முறை ஜூனியர்களை ரெக் பண்ணியதாகச் சிரித்துக்கொண்டு சொன்னார். ஏன் மகன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "செய்யாட்டி பெட்ச்ல நான் யாரு டீச்சர்?" என்றார். அவருக்கு அந்தப் பிள்ளைகள்மேல் எந்தக் கோபமும் இருக்கவில்லை. பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது. முதலாம் வருடத்தில் தனக்கு நடந்ததைச் சொல்லும்போது குரல் மாறியது. இரண்டாம் வருடத்தில் தான் செய்ததைச் சொல்லும்போது குரல் சாதாரணமாக இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது இந்த இரண்டாவது குரல்தான்.

"ஆனா டீச்சர், அதால தான் எங்கட பெட்ச் இவ்வளவு ஒற்றுமை" என்றும் சொன்னார். இதை நான் பல பேரிடம் கேட்டிருக்கிறேன், பட்டம் முடித்துப் பதவிகளில் இருப்பவர்களிடமும். அது பொய்யென்று சொல்லமாட்டேன். அவர்கள் உண்மையாகவே அப்படி உணர்கிறார்கள். ஏன் என்பதற்கு 1959இல் அமெரிக்காவில் ஆரன்சன், மில்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்து காட்டினார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர விரும்பிய மாணவிகளில் ஒரு பகுதியினரைக் கடுமையாக வெட்கப்படவைத்துச் சேர்த்தார்கள். மற்றவர்களைச் சாதாரணமாகச் சேர்த்தார்கள். பிறகு எல்லோருக்கும் கேட்கக் கொடுத்தது வேண்டுமென்றே சலிப்பாகத் தயாரித்த ஒரே உரையாடல். வெட்கப்பட்டுச் சேர்ந்தவர்கள்தான் அது நன்றாக இருந்தது என்று சொன்னார்கள். இவ்வளவு அவமானப்பட்டு உள்ளே வந்திருக்கிறேன், அது ஒன்றுமில்லாததற்காக என்று ஒப்புக்கொள்ள மனம் விடாது. அந்தச் சோதனையில் வெட்கப்பட்டவர்கள் தனித்தனியாகத்தான் பட்டார்கள். ஒற்றுமை என்று எதுவும் அங்கே பிறக்கவில்லை. பட்டதற்கு மனம் போட்டுக்கொண்ட கணக்கு அது.

சேர்ந்து கஷ்டப்பட்டால் பிணைப்பு வரும் என்பது வேறு விடயம், அது உண்மைதான். இப்னு கல்தூன் 600 வருடங்களுக்கு முன்பே அஸபிய்யா என்று அதற்குப் பெயர் வைத்து எழுதியிருக்கிறார். பாலைவனத்தின் கஷ்டத்தில் வாழும் கூட்டத்துக்கு அந்தப் பிணைப்பு அதிகம், நகரத்துச் சொகுசில் அது கரைந்துவிடும் என்றார். ஆனால் அங்கே கஷ்டத்தைத் தந்தது பாலைவனம். கூடாரத்தில் தங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த ஆட்கள் இல்லை.

இன்னொரு நியாயமும் சொல்வார்கள். கொழும்புப் பிள்ளைகளின் பெருமையை உடைத்து எல்லோரையும் சமமாக்கவே ரெக் என்பார்கள். ஆங்கிலத்துக்குக் கெம்பஸில் 'கடுவ', அதாவது வாள், என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் உண்மையான காயம் ஒன்று இருப்பதை நான் மறுக்கமாட்டேன். கிராமத்துப் பாடசாலையிலிருந்து வரும் பிள்ளையை ஆங்கிலம் எத்தனை இடத்தில் வெட்டியிருக்கும்! ஆனால் சமமாக்க வந்த முறை, வருடத்துக்கு ஒரு படியாகப் புதிதாக ஒரு வரிசையைக் கட்டிவைத்திருக்கிறது. ரிலவாவிடமாவது தாயின் இடத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே காரணம் ஒருவர் மற்றவரைவிட ஒரு வருடம் முன்னால் பரீட்சை எழுதியது.

இது விளையாட்டு இல்லை என்பதற்கு இந்த நாட்டில் பெயர்கள் இருக்கின்றன. 1975இல் பேராதனையில் ரூபா ரத்னசீலி என்ற மாணவி பகிடிவதையிலிருந்து தப்ப இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்தார். இடுப்புக்குக் கீழே இயங்காமல் பல வருடங்கள் வாழ்ந்து 2002இல் இறந்தார். 1997இல் அதே பேராதனையில் பொறியியல் பீடத்தில் சேர்ந்த செல்வநாயகம் வரப்பிரகாஷ், சிரேஷ்ட மாணவர்கள் கட்டாயப்படுத்திச் செய்யவைத்த உடற்பயிற்சிகளுக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார். அதற்கு அடுத்த வருடம்தான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தால் இரண்டு வருடம் வரை சிறை. அதன்போது பாலியல் தொல்லையோ பாரதூரமான காயமோ ஏற்படுத்தினால் பத்து வருடம் வரை. சட்டம் இப்படி இருக்கும்போதே 2020 மார்ச்சில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் படிகளில் உருட்டிவிடப்பட்ட டயர் ஒன்று ஒரு முதலாம் வருட மாணவரின் தலையில் மோதியது. அவர் மினுவாங்கொடைப் பிள்ளை. எங்கள் கம்பஹா மாவட்டம்தான்.

வரப்பிரகாஷுக்கு நடந்ததை விஞ்ஞான ஆசிரியையாக ஒரு தடவை விளக்கிவிடுகிறேன். இது உயிரைக் காப்பாற்றலாம். பழக்கமில்லாத உடம்பை நூற்றுக்கணக்கான தடவை உட்கார்ந்து எழும்பவைத்தால் தசை நார்கள் உடைகின்றன. உடைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. அடையாளம்: கை கால் தசைகளில் கடும் நோவு, சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போவது. அப்படி என்றால் காலையில் பார்ப்போம் என்று படுக்கக்கூடாது. அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், என்ன செய்யவைத்தார்கள் என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். யாரையும் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகப் "படியில் விழுந்தேன்" என்று சொன்னால் டொக்டர் வேறு பக்கம் தேடிக்கொண்டிருப்பார். இதைப் பிள்ளைகளுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சரி, கூட்டம் இப்படித்தான், மாறாது என்று விட்டுவிடுவதா? விலங்குகளே மாறியிருக்கின்றன.

கென்யாவில் ரொபர்ட் சபோல்ஸ்கி என்ற ஆய்வாளர் ஒரு பபூன் கூட்டத்தை வருடக்கணக்காகப் பார்த்துவந்தார். 1980களில் பக்கத்து உல்லாச விடுதி ஒன்றின் குப்பைமேட்டில் சாப்பாட்டுக்காகச் சண்டை பிடிக்கப் போனவை அந்தக் கூட்டத்தின் முரட்டு ஆண்கள். அங்கே கிடந்த நோய்ப்பட்ட இறைச்சியால் காசநோய் தொற்றி அவை எல்லாம் செத்துப்போயின. சண்டைக்குப் போகாத சாது ஆண்களும் பெண்களும் குட்டிகளும் மிஞ்சினார்கள். கூட்டம் அமைதியாகிவிட்டது. இதுவரை அதிசயம் ஒன்றுமில்லை, முரடர்கள் போனால் அமைதி வரும்தானே. ஆனால் பபூன் ஆண்கள் வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடும். பத்து வருடத்துக்குப் பிறகு பார்த்தால் பழைய ஆண்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. இருந்தவை எல்லாம் வெளியே முரட்டுக் கூட்டங்களில் வளர்ந்து புதிதாக வந்தவை. கூட்டம் அப்போதும் அமைதியாக இருந்தது. புதிதாக வந்த ஆணிடம் அங்கிருந்த பெண்கள் மற்றக் கூட்டங்களைவிடச் சீக்கிரமாகவே நட்பாகப் பழகினார்கள், பேன் பார்த்தார்கள். தன்னை யாரும் வதைக்காத இடத்தில் புதியவனும் மற்றவரை வதைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டான்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் பின் வரிசையிலிருந்து, "அப்ப டீச்சர், முதல்ல எல்லா சீனியருக்கும் டீபி வரோணும்!" என்றான். முழு வகுப்பும் சிரித்தது. நானும்தான்.

அவனுக்குச் சொன்னது இன்னொரு கதை. தென்னாபிரிக்காவில் பிலானஸ்பெர்க் என்ற சரணாலயத்துக்கு, பெரிய யானைகள் கொல்லப்பட்ட இடத்திலிருந்து தாயில்லாக் குட்டிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆண் குட்டிகள் வளர்ந்தபோது வயதுக்கு முன்பே மதம் பிடித்தது, அதுவும் நீண்டநாள் நீடித்தது. 1992க்கும் 1997க்கும் இடையில் 40க்கு மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றுவிட்டன. 1998இல் வயதான ஆண் யானைகள் ஆறைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் அடங்கியது, கொலை நின்றது. பெரியவர்கள் யாரையும் கொல்லவில்லை, பாடமும் எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். எங்கள் உடவளவையில் 1995இல் தொடங்கிய யானைகள் தங்குமிடத்திலும் தாயில்லாக் குட்டிகளை மனிதரோடு அதிகம் பழகவிடாமல் ஒன்றாக வளர்த்து, கூட்டமாகவே காட்டில் விடுகிறார்கள்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லியாகவேண்டும். யானைக்கும் குரங்குக்கும் கேள்வி கணக்கு இல்லை, மனிதனுக்கு உண்டு. "பெட்ச் செஞ்சது, நான் மட்டும் இல்ல" என்று தப்புவதற்கு இந்த ஆய்வுகளை யாரும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். கூட்டம் தள்ளும். கையை ஓங்குவது அவரவர் கைதான்.

தாய்மார் கேட்ட கேள்விக்கு என் பதிலுக்கு வருகிறேன். "பொறுத்துக்கொள்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். வீட்டிலேயே அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுப் போகும் பிள்ளை, நடந்ததைப் பிறகு வீட்டில் சொல்லாது. வாப்பாவே பொறுக்கச் சொன்னார், இனி யாரிடம் சொல்வது என்று நினைக்கும். "தனியாக எதிர்த்து நில்" என்றும் சொல்லாதீர்கள், அதைச் செய்யக்கூடிய பிள்ளைகள் கொஞ்சம். துணையோடு போகவிடுங்கள்.

இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. 1950களில் சொலமன் ஆஷ் என்பவர், ஒரு கோட்டுக்குச் சமமான கோட்டை மூன்றில் தெரிவுசெய்யச் சொன்னார். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்துப் பிழையான விடையைச் சொன்னார்கள். அந்த ஒருவர் என்ன செய்தார்? நாலு பேரில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து பிழையைச் சொன்னார்கள். பிறகு ஆஷ், சரியான விடையைச் சொல்லும் ஒரே ஒருவரைக் கூட்டத்தில் சேர்த்தார். பிழைகள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காக விழுந்தன. அந்தத் துணை இடையில் மறுபக்கம் சாய்ந்தபோது பிழைகள் மீண்டும் ஏறின. தேவைப்பட்டது பத்துப் பேர் இல்லை, சாயாத ஒருவர்.

அதனால் கேட்கிறேன். எங்கள் பகுதியிலிருந்து இந்த முறை ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகள் ஒருவரையொருவர் தெரியாமலே போகிறார்கள். ஒன்று மாபோலைப் பள்ளி வீதி, மற்றது ஹெந்தளை, இன்னொன்று ஹுணுப்பிட்டி. ஒன்று முஸ்லிம், ஒன்று தமிழ், ஒன்று சிங்களம். அங்கே போனதும் இனத்துக்கொரு பக்கமாகப் பிரித்துவிடுவார்கள். போவதற்கு முன்பே இவர்கள் மூன்று தடவையாவது சந்தித்து, நம்பர்களை மாற்றி, இரவு இத்தனை மணிக்கு ஒருவரையொருவர் கேட்பது என்று முடிவெடுத்திருந்தால் போதும். வீட்டாரும் அப்படியே. ஒரு பிள்ளை போனை எடுக்காவிட்டால் மற்றப் பிள்ளையின் உம்மாவை அழைக்கக்கூடியதாக இருக்கவேண்டும். ஏதும் நடந்தால் பீடத்தின் மாணவ ஆலோசகருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு செய்யலாம். நாலு குடும்பம் சேர்ந்து கையெழுத்து வைத்தால் ஒருவரைத் தனியாக்கிப் பழிவாங்குவது கஷ்டம்.

வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு என் வீட்டுத் தாழ்வாரத்தில் பத்துக் கதிரை போடுகிறேன். கெம்பஸ் கிடைத்த பிள்ளைகளும் தாய்மாரும் வாருங்கள். எந்தப் பாடசாலையில் படித்திருந்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே இரண்டாம், மூன்றாம் வருடத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே, உங்களையும்தான் கூப்பிடுகிறேன். ரெக் வாங்கியவர், பண்ணியவர், அலயாவாக இருந்தவர், யாராக இருந்தாலும் வாருங்கள். வர முடியாதவர்கள் உங்கள் பீடத்தின் பெயரை மட்டும் இன்பொக்ஸில் போடுங்கள். அங்கே போகும் முதலாம் வருடப் பிள்ளை இறங்கும் நாளில் பஸ் நிலையத்தில் அதன் பெட்டியைப் பிடிக்க ஒருவர் நிற்கவேண்டும். யார் நிற்பது என்று ஞாயிறு முடிவெடுப்போம்.